கேக்குதா, தம்பி?

மலைமேல் நின்ற ஜீப்பில் புதிதாக ஒரு வயர்லெஸ் பெட்டியை மாட்டினார்கள். கூரைமேல் ஆன்டெனா ஏறியது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் நேராகப் பேட்டரிக்குப் போயின. மாட்டியவர்கள் சாப்பிடப் போனதும் பெட்டிக்கு வாய் நமநமத்தது. அடிவாரத்து ஜீப்பில் இருந்த தன் ஜோடிப் பெட்டியைக் கூப்பிட்டது.

"தம்பி, கேக்குதா?"

"கேக்குது அண்ணே. உங்களுக்கு?"

"கேக்குது. இப்போ கேக்குதா?"

பேட்டரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்ஜின் ஓடலை. நீ பேசுற ஒவ்வொரு பேச்சும் என் உசுருலேருந்துதான் போகுது. விஷயம் இருந்தா பேசு."

"கேக்குதான்னு தெரியாம எப்படி விஷயத்தைப் பேசுறது?" என்ற பெட்டி, வெயில் சாயும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு கொம்பன் யானை இறங்கி, கீழே கொண்டை ஊசி வளைவில் நடுரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அடிவாரத்து ஜீப் மேலே கிளம்பும் நேரம் அது.

பேட்டரி கெஞ்சியது. "இன்னும் ஒரே ஒரு தடவை பேசத்தான் எனக்குத் தெம்பு இருக்கு. யானை நிக்குது, வராதேன்னு மட்டும் சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெட்டி பதறிப்போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தம்பி, கேக்குதா?"

அத்தோடு அதன் குரல் அடங்கிவிட்டது. பேசத்தான் தெம்பு இல்லை; காதில் வாங்கிக்கொள்ள மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"கணீர்னு கேக்குது அண்ணே!" என்றது தம்பி. "மீதியை நேர்ல பேசிக்கலாம். இதோ, வந்துக்கிட்டே இருக்கோம்!"