சின்னான் போட்ட விதை

புல் கிடைக்காமல் புள்ளிமானுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி பசியில் துவண்டது. தேடி அலைந்த மான், சுனையருகே பூத்திருந்த ஒரு புதரின் முன் நின்றது.

"நானும் இந்தக் காட்டுச் செடிதான்," என்றது புதர்.

மான் முகர்ந்தது. கடுமையான நெடி. தண்டு சதுரமாக, முள்ளோடு இருந்தது. ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்பும் பூத்திருந்தன.

"பொய். நீ வந்தேறிய உண்ணிச்செடி. அதுதான் உன் அடியில் ஒரு புல்கூட இல்லை."

கிளையில் பழம் தின்றுகொண்டிருந்த சின்னான் குருவி பதறியது. "அக்கா, இதன் விதையைக் காடெல்லாம் போட்டது நான்தான்!"

"அப்படியானால் முளைத்த இடமெல்லாம் உனக்குத் தெரியுமே. வா, காட்டு."

சின்னான் காட்டிய உண்ணிச்செடிக் கன்றுகளையெல்லாம் மான் குளம்பால் கிளறிப்போட்டது. மழைக்குப் பின் அங்கே புல் துளிர்த்தது. குட்டி வயிறாரப் பால் குடித்தது.

அப்போது மேட்டிலிருந்து சின்னான் கூப்பிட்டது: "அக்கா, இங்கே இன்னும் இரண்டு!"