கண்காணிப்பாளர் அடித்த பிட்

டேப்லெட் ஐந்து சொற்களைக் காட்டி மறைத்தது. குடை, வாளி, சாவி, ஏணி, சீப்பு. பத்து நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நடுவில் கவனத்தைக் கலைக்கவென்றே பலூன் உடைக்கும் விளையாட்டு ஒன்று. எழுபத்தெட்டு வயதுக்காரர் பலூன் உடைத்தால் மூளை துளிர்க்கும் என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்திருக்கிறான். உடைத்தாலும் "அபாரம்!" என்கிறது, தவறவிட்டாலும் "அபாரம்!" என்கிறது.

அப்பாவுக்கு அந்தக் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். முப்பது வருடம் தேர்வுக் கண்காணிப்பாளராக இருந்தவர். எவனாவது பேனாவை உதறினால்கூடப் பக்கத்தில் போய் நிற்பார். பெற்ற மகளையே தேர்வறை வாசலில் நிறுத்தி, ஜியாமெட்ரி பாக்ஸைக் கவிழ்த்துப் பார்த்த மகான்.

அந்த மகள்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இப்போது சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

மதிப்பெண் அறுபதுக்குக் கீழே இறங்கினால் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நல்லவேளை, மூன்று மாதமாக ஏறுமுகம். அறுபத்திரண்டு, எழுபது, தொண்ணூற்றாறு. டாக்டர் பூரித்துப்போய் அந்த வரைபடத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிவைத்தார்.

காலையில் சாப்பிட்டதே மறந்துபோகிறவருக்கு ஏணியும் சீப்பும் மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல செய்தியை யார் போய் நோண்டுவார்கள்?

பத்து நிமிடம் முடிந்தது. அப்பா மேசைக்கு அடியில் குனிந்தார். செருப்பைத் தேடுகிறாராம்.

அவளும் குனிந்தாள்.

முழுக்கைச் சட்டையின் மடிப்பிலிருந்து, நாலாக மடித்த துண்டுச்சீட்டு ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது.

பிடிபட்ட பையன்கள் என்ன செய்வார்களோ, அதையே ஐயாவும் செய்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, முழுங்கிடாதீங்கப்பா! துப்புங்க, துப்புங்க!"

அவள் உள்ளங்கையில் துப்பினார். முகம் சுண்டிப்போயிருந்தது. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பழிதீர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சிரித்துக்கொண்டே ஈரத்தாளைப் பிரித்தாள்.

நேற்றைய சொற்கள், முந்தாநாள் சொற்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கோடு போட்டு அடித்திருந்தார். இன்றைய ஐந்தும் கடைசியில் இருந்தன. உச்சியில், அடிக்காமல், மடித்து மடித்து நைந்துபோன ஒரு வரி:

'உன் மனைவி இறந்துவிட்டாள். அவள் எங்கே என்று மகளிடம் கேட்காதே. அழுகிறாள்.'

பதில் சொல்லச் சொல்லி டேப்லெட் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது.

அவள் ஒரு புதுத் தாளைக் கிழித்தாள். ஐந்து சொற்களையும் பெரிய எழுத்தில் எழுதி, அவர் கைக்குள் வைத்து மூடினாள்.

அந்த வரியை மட்டும் எழுதவில்லை.