மஞ்சள் பாக்கெட்

“ஆறு மாசமும் ஒருநாள்கூட தவறாம புள்ளைக்குப் பவுடர் குடுத்தது நீங்க மட்டும்தான் நூரீன்!” லாஸ்பேட்டையில் நடந்த தாய்மார் கூட்டத்தில், ஆராய்ச்சிக் குழுவின் சரிதா பரிசு டிபன் பாக்ஸை நீட்டினாள்.

“நார்ச்சத்துப் பவுடர், வயித்துல நல்ல பாக்டீரியா வளரும்னீங்க மேடம். வேற நார்ச்சத்து சேரக் கூடாதுன்னதால வாழப்பழத்தக்கூட நிறுத்திட்டேன்.” நூரீன் இடுப்பிலிருந்த மகனைக் காட்டினாள். “ஆனா இவன் இன்னும் மூணு நாளைக்கு ஒருதடவதான் வெளிக்குப் போறான், அதுவும் அழுதுக்கிட்டே. எதிர்வீட்டுப் புள்ள நல்லாத் தேறிட்டானே?”

“அவனுக்குப் பச்சை பாக்கெட். அதுலதான் நார்ச்சத்து.”

“அப்போ எங்களுக்குக் குடுத்த மஞ்சள் பாக்கெட்டுல?”

“வெறும் அரிசி மாவு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்ல? நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்கே.” சரிதா கேமரா பக்கம் திரும்பினாள். “பாக்ஸைத் தூக்கிப் பிடிங்க. கொஞ்சம் சிரிங்க.”