சைபர் வாங்கிய தடிகள்

"உதுக்குச் சைபர், ரீச்சர்" என்று சிமியோன் காகிதத் துண்டைத் தள்ளி வைத்தார்.

மகாதேவி பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பிப்பவள். போரில் மின்சாரம் நின்று ஒரு வருடமாகியிருந்தது. கணினி துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. நல்ல விடைகளை வெட்டி ஒட்டி இன்னும் நல்ல விடை பிறப்பிக்கும் தன் ஆராய்ச்சியைத் தூங்கவிட அவளுக்கு மனமில்லை. குருநகர்ச் சிமியோன் கடனீரேரிக்குள் தடி நட்டு, மீனை மறிக்கும் சிறகுவலை கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், கணக்கைக் கையாலேயே செய்துபார்க்கச் சைக்கிளில் வந்துவிட்டாள். ஆழ்கடலுக்குப் போகத் தடை. சிமியோன் வீட்டுக்கு இனி அந்த வலைதான் சோறு.

எங்கே தடி நடுவது என்பது மட்டுமல்ல, எத்தனை தடி என்பதும் தெரியாத கணக்கு அது. மகாதேவி குருட்டாம்போக்கில் எண்கள் எழுதிய ஒரு துண்டு என்றால் ஒரு வலை. அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் ஒரு தடி நிற்கும் இடம். ஒன்றில் ஐந்து தடி, இன்னொன்றில் முப்பது. சிமியோன் சைபரிலிருந்து பத்துவரை புள்ளி போடுவார். நல்ல புள்ளி வாங்கிய இரண்டை மகாதேவி கண்ட இடத்தில் வெட்டி, ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு ஒட்டுவாள். பிறக்கும் குட்டி சிலவேளை தாயைவிட நீளம், சிலவேளை பாதி. தோற்றவை அடுப்புக்குப் போயின. விறகுத் தட்டுப்பாட்டில் சிமியோனின் மனைவி லூர்த்தம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆறு கிழமையில் துண்டுகள் பதினெட்டுத் தடியில் வந்து நின்றன. ஆனால் எல்லாவற்றிலும் நடுவில் பத்து முழம் வெறுமை. அங்கே தடி வைத்த துண்டெல்லாம் சைபர் வாங்கிச் செத்துப்போயிருந்தன. அந்த வழியால் மீன் தப்பிவிடுமே என்று மகாதேவி கேட்டாள். அதிலே நீரோட்டம் இழுக்கும், தடி நில்லாது என்று சிமியோன் சொல்லிவிட்டார்.

அப்படியே வலை கட்டினார்கள். கடலோடியின் வாயில் வராத அறிவைக் காகிதத் துண்டுகள் கண்டுபிடித்தன என்று மகாதேவி பெருமையோடு கட்டுரை எழுதினாள். நீரோட்டத்துக்கு ஆதாரம் எங்கே என்று பேராசிரியர் கேட்டார்.

ஒரு காலையில் அவளே வள்ளம் பிடித்துப்போய், அந்த வெறுமையில் ஒரு தடியை ஊன்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம்வரை அது இம்மியும் அசையவில்லை. தடியைப் பிடுங்கிக்கொண்டு நேரே சிமியோன் வீட்டுக்குப் போனாள். கட்டுரையே கவிழ்ந்துவிட்ட கவலை அவளுக்கு.

"சிமியோன் அண்ணை, அதிலை ஓட்டமே இல்லையே. ஏன் சைபர் போட்டனீங்கள்?"

சிமியோன் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லூர்த்தம்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஓம் ரீச்சர், ஓட்டமும் இல்லை ஒண்டும் இல்லை. இவரின்ரை தமையன் யாகோப்பு அதாலைதான் வள்ளம் கொண்டு போறவர். ரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைச்சு ஏழு வரியமாகுது."