இரண்டாவது கையுறை

"கோட்டுப் பைக்குள்ளயே கையை விட்டுட்டு நிக்கிறியேம்மா, அவ்வளவு குளிரா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

உடம்பு சரியில்லை என்று அவள் சமாளித்தாள். குளிராவது ஒன்றாவது! பயத்தில் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது.

அந்தக் கண்ணாடித் தொழிற்சாலையின் நடுக்கூடத்தில் அவள் கணவன் நின்றிருந்தான். உடும்பு என்று சொன்னால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். பிடித்தால் விடமாட்டான் என்று ஒரு காலத்தில் வைத்த பெயர். மணிக்கட்டு முறிந்து பல மாதம் வீட்டில் கிடந்தவன், இன்றுதான் திரும்பி வந்திருக்கிறான். கையில் துணி போல மெல்லிய சாம்பல் நிறக் கையுறை. அதில் நெய்திருக்கும் உணரிகள் அவன் விரல் அசைவைப் படித்துச் சொல்ல, மேலே தொங்கும் இயந்திரக் கை அப்படியே அசையும். பெரிய கண்ணாடிப் பலகை ஒன்றைத் தூக்கி அந்தக் கோடியில் வைக்க வேண்டும். வைத்தால் பழைய வேலை. நழுவவிட்டால், வாசலில் காவலாளி நாற்காலிதான்.

அவன் கை இன்னும் நடுங்குகிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். காலையில்கூட டம்ளரை இரண்டு கையாலும்தான் பிடித்தான்.

அதற்காகத்தான் இந்தத் திருட்டுத்தனம். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இரண்டு கையுறை உண்டு. இரண்டாவது, பழகுகிறவர்களுக்குத் துணை நிற்பவருக்கு. கார் ஓட்டக் கற்றுத்தருபவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அந்த மாதிரி. மணிக்கட்டுப் பொத்தானை அழுத்திவிட்டு முஷ்டியை மடக்கினால் இயந்திரம் அசையாமல் நின்றுவிடும். சோதனை நாளில் அதைத் தொடக்கூடாது. அங்கேயே கருவி அறையைப் பார்த்துக்கொள்ளும் அவளிடம் அலமாரிச் சாவி இருந்ததால், நேற்றே அதைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். இப்போது கைப்பைக்குள் துழாவி எடுத்துக் கோட்டுப் பைக்கு மாற்றி, அதற்குள்ளேயே யார் கண்ணிலும் படாமல், தானும் பார்க்காமல், மாட்டிப் பொத்தானையும் அழுத்தியாயிற்று.

கண்ணாடி எழும்பியது. பாதி வழியில் லேசாக ஆடியது. அவள் முஷ்டியை மடக்கினாள். நின்றது. கொஞ்ச தூரம் போய் மறுபடி ஆடியது. மறுபடி மடக்கினாள். கடைசியில் பலகை பூப்போலத் தாங்கியில் உட்கார்ந்தது.

"உடும்பு உடும்புதான்யா. நாளைக்கே வந்துடு" என்று சூப்பர்வைசர் அவன் முதுகில் தட்டினார்.

வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை. கை தன் பேச்சைக் கேட்டதாம். ஆடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து நிதானித்தானாம். அவள் சிரித்துவைத்தாள். நாளை அவன் தனியாக ஓட்டப்போகிறான். கண்ணாடிக்குக் கீழே ஆட்கள் நடப்பார்கள். வேலை போனாலும் பரவாயில்லை, யார் தலையிலாவது விழுந்தால்? இன்றே சொல்லிவிட வேண்டியதுதான். இத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிற மனிதனிடம் எந்த வாயால் சொல்வது?

அவன் குளிக்கப் போனதும் அவள் கொல்லைப்புறம் போனாள். மாமியார் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"நானும்தான் ஒண்ணு பண்ணியிருக்கேன். முதல்ல அதைக் கேளு, கோவிச்சுக்காதே" என்றார் மாமியார். "உன் கைப்பையில ஒரு கிளவுஸ் கிடந்துச்சே, ஒரே எண்ணெய் நாத்தம். நேத்தே துவைச்சுப் போட்டேன். இந்தக் குளிர்ல எங்க காயுது? வெறுங்கையோட போவியேன்னு, பொத்தான் வச்ச என் கிளவுஸை உன் கைப்பையில போட்டு அனுப்பினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கொடியின் கோடியில், கிளிப் மாட்டித் தொங்கிய சாம்பல் நிறக் கையுறையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.