கயிறு பிடித்தவள்

"மச்சி, அந்த மேடம் கயிறு பிடிச்சாதான் ஏறுவேன். இல்லேன்னா இப்பவே வீட்டுக்குப் போறேன்."

நிரஞ்சன் இப்படிச் சொன்னதும் தல்ஹா தலையில் அடித்துக்கொண்டான். மலையேறப் பழகுகிறவர்களுக்கென்று அடையாறில் நாலு மாடி உயரத்துக்குச் செயற்கைப் பாறைச்சுவர் கட்டி வைத்திருப்பவன் அவன்தான்.

"இன்னா மச்சி நீ! மதுமதி மேடம் இப்பல்லாம் யாருக்கும் கயிறு பிடிக்கறதில்ல. பசங்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தருவாங்க, அவ்ளோதான். நான் பிடிக்கிறேன், ஏறு."

நீ பிடித்து ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே இறங்கியாயிற்றே என்று நிரஞ்சன் சொல்லவில்லை. பாவம், தல்ஹா மேல் என்ன தப்பு? நடுங்குவது தன் கைதானே!

நிமோனியா வந்து, வென்டிலேட்டர் வரைக்கும் போய், டாக்டர்களே கைவிரித்த பிறகு பிழைத்தவன் நிரஞ்சன். அடுத்த மாதம் அவன் நண்பர்கள் இமயமலைக்குக் கிளம்புகிறார்கள். இன்றைக்கு இந்தச் சுவரின் உச்சியைத் தொட்டால் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். தொடாவிட்டால் மலை ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

"அவங்க குரலை நான் முன்னாடியே கேட்டிருக்கேன்டா."

"எங்க?"

"ஐ.சி.யூ.வுல. நினைவில்லாம கிடந்தப்ப ஒரே கனவு. கருப்பா ஒரு பாறை, அதுல தொங்கறேன். கீழ தரையே தெரியல. போதும், கையை விட்டுடலாம்னு நினைக்கறப்பெல்லாம் கீழேருந்து ஒரு குரல். 'விட்டுடாதீங்க, கயிறு என் கையில இருக்கு'ன்னு. இப்ப அவங்க அந்தப் பசங்களை அதட்டினாங்க பாரு, அதே குரல்!"

"மருந்து பண்ற வேலை மச்சி அது."

"இருக்கட்டும்" என்று நிரஞ்சன் நேராக மதுமதியிடம் போனான்.

அவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் யாருக்கும் பிடிக்கறதில்ல தம்பி. வேற ஆளைப் பாருங்க."

"ஒரே ஒரு தடவை மேடம். ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தப்ப ஒரு கனவு. பாறையில தொங்கிட்டிருந்தேன். யாரோ கீழ நின்னு கயிறு பிடிச்சாங்க. முகம் தெரியல. ஆனா குரல்..."

மதுமதியின் கையிலிருந்த கயிறு நழுவியது.

"எந்த ஆஸ்பத்திரி? ஆத்தோரம் இருக்கே, அதுவா?"

"ஆமாம்."

"ஐப்பசியில விடாம மழை கொட்டிச்சே, அப்பவா?"

"ஆமாம். உங்களுக்கு எப்படி..."

"ஜன்னலோரக் கட்டிலா?"

நிரஞ்சன் தலையாட்டினான். மதுமதி அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். தல்ஹா வாயைப் பிளந்தான்.

சுவரின் உச்சியிலிருந்து ஒரே மாதிரி நாலைந்து கயிறுகள் தொங்கும். ஏறுகிறவர் இடுப்பில் ஒரு முனை, கீழே நிற்பவர் கையில் மறுமுனை. இது இந்த ஆளுடைய கயிறுதானா என்று கீழே நிற்பவர் சுண்டிப் பார்த்த பிறகுதான் ஏறச் சொல்வார்.

மதுமதி சுண்டினாள். "இடுப்புல தெரியுதா?"

"தெரியுது."

மறுபடியும் சுண்டினாள். "நிச்சயமா?"

"நிச்சயமா."

மறுபடியும்.

"என்ன மேடம், இத்தனை தடவையா பாப்பாங்க!" என்று சிரித்தான் நிரஞ்சன்.

"ஒருதரம் பாக்காம விட்டுட்டேன்" என்றாள் மதுமதி. "ஏறுங்க."

ஏறினான். பாதிச் சுவர் தாண்டியதுமே வழக்கம்போலக் கை நடுங்கியது. மூச்சு முட்டியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விட்டுவிடலாம் என்று விரலைத் தளர்த்தியபோது கீழேயிருந்து சத்தம் வந்தது.

"விட்டுடாதீங்க! கயிறு என் கையில இருக்கு!"

இந்த வார்த்தைகளை அவன் தல்ஹாவிடம்தான் சொல்லியிருந்தான். இவளிடம் சொல்லவே இல்லையே! பயத்தில் முதுகு ஜில்லிட்டது. அந்தப் பயத்தோடேயே ஒரு கை வைத்தான், ஒரு கால் வைத்தான். உச்சியில் இருந்த இரும்புக் கம்பி கையில் தட்டுப்பட்டதும் ஓவென்று கத்தினான். கீழே தல்ஹா விசிலடித்துக்கொண்டு குதித்தான்.

இறங்கி வந்தவன் மதுமதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

"நீங்கதான் மேடம் அது. நீங்களேதான். எப்படி?"

"எனக்கும் அந்தக் கனவு வந்தது" என்றாள் மதுமதி. "ஐ.சி.யூ.வுக்கு வெளியில பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தபடியே தூங்கிட்டேன். கருப்புப் பாறை. ரெண்டு பேர் தொங்கறாங்க. ரெண்டு பேர் முகமும் தெரியல. ரெண்டு கயிறும் ஒரே மாதிரி. ஓடிப்போய் ஒண்ணைப் பிடிச்சேன். விடியற வரைக்கும் விடவே இல்ல."

"முன்னப்பின்ன தெரியாத எனக்காகவா மேடம்?"

மதுமதி மெல்லத் தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"பக்கத்துக் கட்டில்ல என் வீட்டுக்காரர் இருந்தார், தம்பி. அது அவர் கயிறுன்னு நினைச்சுதான் பிடிச்சிட்டிருந்தேன்."