யாருக்கும் ஞாபகமில்லாத பிறந்தநாள்

"கட்டின புருஷனுக்குமா ஞாபகம் இல்ல? பெத்த பசங்களுக்குமா?"

மருந்துக்காரி போனில் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"விடுடி, ஆளுக்கு ஆயிரம் வேலை," என்றாள் எதிர்முனையில் எக்ஸ்ரே. "சாயங்காலம் என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போறியா? உன்னை விட்டா நான் யாரைக் கேப்பேன்?"

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. ஒருத்தி மருந்து கொடுக்கும் ஜன்னலில், இன்னொருத்தி எக்ஸ்ரே அறையில். ஆளைக் கூப்பிடுவதும் அப்படியே ஆகிவிட்டது. மூன்று வருஷமாக மத்தியானச் சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

மருந்துக்காரிக்கு விவாகரத்து ஆகி ஏழு மாசம். அதிலிருந்து ஆஸ்பத்திரி விட்டால் வீடு, வீடு விட்டால் ஆஸ்பத்திரி. லீவு நாளில் ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. யார் எங்கே கூப்பிட்டாலும், "தலைவலி." அத்தனை மாத்திரையையும் கையில் வைத்திருப்பவளுக்கு இப்படி ஒரு தீராத தலைவலியா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

ஆனால் இன்றைக்குத் தலைவலி என்று சொல்ல வாய் வரவில்லை. பாவம், பிறந்தநாளும் அதுவுமாக ஒருத்தியை அம்போவென்று விட்டுவிடுவதா?

"ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வந்துடு. இன்னிக்கு ஊரையே ஒரு கை பார்க்கறோம்!"

அலமாரியைக் குடைந்தாள். விலைச்சீட்டுகூடப் பிய்க்காத நீல டிரஸ் ஒன்று அகப்பட்டது. லிப்ஸ்டிக்கைத் தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது.

பிறந்தநாள்காரியோ காலையில் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன அதே கசங்கல் டிரஸ்ஸோடு வந்து நின்றாள்.

"என்னடி இது கோலம்?"

"மாத்த நேரமில்ல. வா, வா."

முதலில் சினிமா. ஒரே காமெடி. மருந்துக்காரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் சத்தத்தையே காணோமே என்று திரும்பினால், எக்ஸ்ரே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தானே இந்தப் படத்துக்கே வந்தேன்!"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன். கண்ணை மூடிட்டுப் பார்க்கறேன்."

அடுத்தது, மேடை போட்டு மைக் வைத்திருந்த ஹோட்டல். சாப்பிட வருகிற யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம். மருந்துக்காரி கேக்குக்குச் சொல்லியிருந்தாள். கொண்டுவந்த சர்வர் நீல டிரஸ்ஸைப் பார்த்துவிட்டு அவள் முன்னாலேயே வைத்தார்.

"ஹேப்பி பர்த்டே மேடம்!"

"எனக்கில்லப்பா, அவங்களுக்கு!"

"பரவால்ல, நீயே ஊது. எனக்குச் சளி," என்றாள் எக்ஸ்ரே.

மருந்துக்காரி ஊதினாள். கைதட்டினார்கள். அந்தச் சூட்டிலேயே மேடையேறி ஒரு பாட்டுப் பாடினாள். இன்னொன்று பாடச் சொன்னார்கள், பாடினாள். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை, இவளே பாடினாள்.

வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தால், எக்ஸ்ரே போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட?"

"வீட்லதான். மிச்சச் சாப்பாட்டை ஃப்ரிட்ஜுல வைக்கச் சொன்னேன்."

மருந்துக்காரிக்குச் சுருக்கென்றது. யாருக்காக இவ்வளவும்? வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டியவள், இவளுக்காக வேஷம் கட்டிக்கொண்டு வந்து தொண்டை வறளப் பாடுகிறேன். ஒரு வாய் கேக்கை ஒழுங்காகத் தின்றாளா? ஒரு நன்றி உண்டா?

"உனக்குச் சந்தோஷமா இருக்கவே தெரியலடி," என்றாள் வாய்விட்டே.

"ஆமா, எனக்கு அது வராது," என்று எக்ஸ்ரே ஒரு கொட்டாவி விட்டாள்.

கொண்டுபோய் விட எக்ஸ்ரேயின் வீட்டுக்கே போனாள் மருந்துக்காரி. அந்த வீட்டுக்காரரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் திரும்புவதில்லை என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவர் சோபாவில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா. படம் எப்படி?"

"அண்ணா, நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள். அதைக்கூட ஞாபகம் வெச்சுக்கலன்னா எப்படி? கூடவே இருக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"எந்த நாளைம்மா?"

எக்ஸ்ரே பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "போதும்டி, நீ கிளம்பு. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நீ சும்மா இரு. இப்படி விட்டுக் குடுத்துக் குடுத்துத்தான்… இவளோட பொறந்தநாளைண்ணா!"

மனிதர் கையிலிருந்த துண்டோடு மனைவியைப் பார்த்தார். அவள் காட்டிய கண்ஜாடை அவருக்குப் புரிந்தால்தானே?

"அது பிப்ரவரி பதினொண்ணாச்சே! இந்த வருஷமும் கேக்கெல்லாம் வாங்கி வெச்சுட்டுக் காத்துட்டு இருந்தோம். இவதான் போன் பண்ணி, பசங்களைச் சாப்பிட்டுப் படுக்கச் சொல்லுங்க, நான் காலைலதான் வருவேன்னுட்டா."



பிப்ரவரி பதினொன்று, மருந்துக்காரிக்குக் கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாள். அன்றைக்கு விடிய விடிய, "எனக்குன்னு யாருமே இல்லியே" என்று அவள் அழுததெல்லாம் எக்ஸ்ரேயின் மடியில் படுத்துக்கொண்டுதான்.